மிலேட்டஸில் கடல் இருக்கிறதென்று சொன்னேன்

என் மனுசிக்குக் கண்பார்வை போகப்போகிறது என்பது அவளுக்கு முதல் எனக்குத் தெரியும். மூன்று வருசம் அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. இதை வாசிக்கிறவர்களில் சிலர் 'அட பாவி' என்பீர்கள். சொல்லுங்கோ, எனக்கு அது புதிதில்லை. வேறு சிலர், அதுவும் எங்கட ஆட்கள், 'பாவம் மனுசன், வேறென்ன செய்யிறது' என்பீர்கள். அந்த இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்து இறங்கியது எழுபத்து மூன்றில். பாலம் கட்டும் கொம்பனி ஒன்றில் எனக்கு எஞ்சினியர் வேலை. பிள்ளைகள் இல்லை. அவள் ஊரில் ஒரு பெரிய பெண்கள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருசம் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவள். எங்கட பிள்ளைகளுக்கு உந்தப் பாடம் என்னத்துக்கு என்று நான் பகிடி பண்ணுவேன்.

"உமக்குச் சுன்னாகம் சந்தைக்குத் தனியப் போக வழி தெரியாது. ஏதென்ஸ் சந்தைக்கு வழி சொல்லுறீர்" என்பேன்.

"ஏதென்ஸ் சந்தையில உங்களைப் போலப் பேயன் மாதிரி விலை குடுத்து வாங்க மாட்டினம்" என்பாள் அவள். வாய்க்கு வாய் தருவாள். அவளுடைய வகுப்பில் படித்த பெட்டைகள் அவளுக்குப் பயமும் பக்தியுமாக இருந்தது இதனால்தான்.

அவளுக்கு ஆயுளில் ஓர் இடத்தைப் பார்க்கவேண்டும். ஏதென்ஸ் இல்லை, ஒலிம்பியா இல்லை. மிலேட்டஸ் என்ற ஊர். முந்திக் கிரேக்கர்களுடைய பெரிய துறைமுகப் பட்டினம், இப்போது துருக்கியில் கிடக்கிறது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நிலத்தில் கட்டிய நகரம் என்றும், அதற்கு நாலு துறைமுகம் என்றும், ஒரு துறைமுகத்தின் வாசலில் இரண்டு சலவைக்கல் சிங்கங்கள் என்றும் சொல்லுவாள். நேர் நேராக, கட்டம் கட்டமாக வெட்டிய தெருக்கள். ஒவ்வொரு வருசமும் கரும்பலகையில் அதை முழுதாகக் கீறுவாளாம். கடலுக்கு மட்டும் நீலச் சோக்கு. மெல்பேர்ணிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. குசினி மேசையில் கடித உறைகளின் பின்பக்கத்தில் கீறிக்கொண்டிருப்பாள், கீறிக்கொண்டே எனக்கும் விளங்கப்படுத்துவாள். நான் "ஓம், ஓம்" என்பேன். காது ரேடியோவில் போகும் கிரிக்கெட் ஸ்கோரில் இருக்கும்.

மெல்பேர்ணில் அவளுடைய படிப்பை ஏற்கவில்லை. இன்னொரு வருசம் பயிற்சி எடு என்றார்கள். கோபத்தில் அவள் எடுக்கவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைக்குப் போனாள். சந்தியில் மில்க் பார் என்கிற சின்னக் கடை வைத்திருந்த மனுசன் ஒரு கிரேக்கன். பால் வாங்கப் போனவள் அவனோடு அவனுடைய நாட்டுச் சரித்திரம் கதைக்க, அவன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உன்ர மனுசிக்கு எங்கட நாடு என்னைவிட நல்லாத் தெரியுது. எனக்கு அங்க தெரிஞ்சது ஆடும் கல்லும்தான்" என்று சொன்னான். அன்றைக்கு அவளுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

எழுபத்தைந்து குளிர்காலத்தில்தான் தொடங்கியது. மாலை நாலரை ஐந்துக்கு இருள் கவிகிற நேரம், வேலையால் வருகிறவள் கேற்றில் முட்டுவாள். வாங்குப் பலகையில் இடிபடுவாள். பக்கத்தில் வந்து நிற்கிற ஆளைத் தெரியாமல், குரல் கேட்டுத் திடுக்கிடுவாள். நான் வழக்கம்போல "கண் எங்க பிடரியிலயோ?" என்று கத்தினேன். கண்ணாடியை மாற்றினோம். மாற்றியும் சரிவரவில்லை. பெரிய கண் டொக்டரிடம் அனுப்பினார்கள்.

அவர் நல்ல மனுசன். அவளுடைய கண்ணுக்கு மருந்து விட்டு, பார்த்து, பிறகும் பார்த்து, வெளியே கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறது, நடுவுக்கு வந்து சேரும், மருந்தில்லை என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். மூன்று வருசம் இருக்கலாம், நாலு இருக்கலாம், குறையவும் இருக்கலாம் என்றார். அவள் முழுக் கதையையும் கேட்க வேண்டும், இப்போது கூப்பிடுகிறேன் என்று எழும்பினார். நான் அவருக்கு முன்னால் எழும்பி விட்டேன்.

"வேண்டாம். வீட்டில வைச்சு, எங்கட பாசையில, ஆறுதலா நான் சொல்லுறன்" என்று இங்கிலீசில் சொன்னேன்.

அவர் திரும்பக் கதிரையில் இருந்தார். "கட்டாயம் சொல்லுங்கள். பார்க்க ஆசைப்பட்டது ஏதாவது இருந்தால் இப்போதே போய்ப் பார்க்கட்டும்" என்றார். நான் கையைக் குலுக்கி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

எங்கட ஆட்களுக்கு இது விளங்கும். வருத்தக்காரருக்கு அவருடைய நோயைப் பற்றி உள்ளதைச் சொல்லுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. என் ஐயாவுக்கு, பெத்த தகப்பனுக்கு, புற்றுநோய் என்று ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருந்தோம். கட்டிலைச் சுற்றி நின்று பகிடி விட்டுச் சிரித்துவிட்டு, கிணற்றடியில் போய் அழுவோம். 'அடுத்த மாசம் எழும்பி நடப்பீங்கள்' என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் செத்த பிறகு ஊரே எங்களை மெச்சியது, 'கடைசி மட்டும் அந்த மனுசனுக்கு ஒண்டும் தெரியாமல் வடிவா வைச்சுப் பாத்தாங்கள்' என்று. அந்தப் பேர் எனக்குப் பெருமையாக இருந்தது. என் மனுசியையும் வடிவாக வைத்துப் பார்க்கத்தான் நினைத்தேன்.

வெளியே அவள் கண்ணுக்கு விட்ட மருந்தில் கூசிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என் சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தாள்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை. நரம்புத் தளர்ச்சி. உடம்பில சத்தில்லையாம். கரட் சாப்பிடட்டாம்."

"கரட்டோ?" என்று அந்த அறை முழுக்கத் திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். "உதைச் சொல்லவோ இவ்வளவு நேரம் உள்ளுக்கு வைச்சிருந்தவர்?"

"அவருக்குப் பாலங்களில விருப்பமாம். வேலையைப் பற்றிக் கதைச்சவர்" என்றேன். ஒரு பொய்க்குக் கூடப் பிறந்ததாக இன்னொன்று எவ்வளவு சுகமாக வந்தது. நான் நினைத்துப் பார்த்து ஆச்சரியப்பட்டேன்.

அந்தக் கிழமையே அவள் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து, கை கழுவிவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். "இஞ்சாருங்கோப்பா, வாற செப்டெம்பர் பள்ளிக்கூட லீவுக்கு மிலேட்டஸ் போவமோ? ரிக்கற்றுக்குக் காணும், நான் சேர்த்தது கிடக்கு" என்றாள்.

டொக்டர் சொன்னது என் காதில் அப்படியே இருந்தது. ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லுத்தான். ஆனால் அப்போதுதான் மெல்பேர்ணின் ஓரத்தில் மல்கிரேவில் காணி வெட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். பழத்தோட்டங்களைத் தள்ளி வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். என்னோடு வேலை செய்தவர்கள் எல்லாம் வாங்கிவிட்டார்கள். எனக்கும் அந்த வீட்டு விசர் தலைக்கு ஏறி நின்றது. கண் போகிற மனுசிக்குச் சொந்த வீடுதானே வேண்டும், பழகிய சுவர்தானே வேண்டும் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அதை அவளிடம் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும் என்று என் புத்தியில் படவேயில்லை.

"முதல் வீடு. அது இரண்டாயிரத்தைந்நூறு வருசமா உதிலதானே கிடக்கு? எங்க ஓடப்போகுது?" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் மேசையில் விரலால் கீறிக்கொண்டிருந்தாள். "அதுவும் சரிதான். அது ஓடாது" என்றாள். மனம் வைத்துத்தான் சொன்னாள். சேர்த்த காசையும் தந்தாள். தன் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று நம்பியபடியால் தந்தாள்.

மல்கிரேவ் வீட்டுக்குப் போன முதல் வருசம் முன்பக்கம் புல்லு முளைக்கவில்லை, முழுக்கச் சேறு. சுற்றிவர மரம் இல்லாத வெளி. காற்று வீட்டை வந்து அறையும். மழை நாட்களில் ஒரே சாம்பல் நிறம். அதற்குள் நான் அவளுக்குக் கரட் வாங்கி வாங்கிக் கொடுத்தேன். கரட் சம்பல், கரட் கறி, கரட்டை அரைத்துப் பிழிந்த சாறு. பொன்னாங்காணிக்கு எங்கே போவது? அதற்குப் பதிலாக ஸ்பினாச். மீன் எண்ணெய்க் குளிசை. "முயல் வளக்கிறீங்களோ?" என்று கேட்டுக்கொண்டு அவள் எல்லாவற்றையும் தின்றாள். ஒருநாளும் முகம் சுழிக்கவில்லை. இப்போதும் நான் கரட்டைத் தொடுவதில்லை.

இரண்டாம் வருசம் நூலகத்தில் புத்தகத்தின் முதுகில் இருக்கும் எழுத்துப் பிடிபடவில்லை. பிழையான தட்டில் அடுக்கியதாகச் சின்னப் பிள்ளைகள் முறைப்பாடு சொன்னார்கள். படிப்பித்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? வேலையை விட்டாள். ஒரு சனிக்கிழமை காலை வெளிச்சத்திலேயே குசினிக் கண்ணாடிக் கதவில் போய் மோதி நெற்றி வெடித்தது. இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு மெய்யா என்னவாம்?" என்று கேட்டாள். "நரம்புத் தளர்ச்சிதான்" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

மூன்றாம் வருசத் தொடக்கத்தில் மல்கிரேவில் எங்கட புதுக் குடும்ப டொக்டர் அவளை வேறொரு கண் டொக்டரிடம் அனுப்பினார். நான் வேலைத்தளத்தில் நின்ற நாள். பக்கத்து வீட்டு மனுசிதான் காரில் கூட்டிக்கொண்டு போனவள். அந்த டொக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்: இனித் திரும்பாது, மிச்சமும் போகும். வீட்டுக்கு நான் வந்தபோது அவள் விளக்குப் போடாமல் கதிரையில் இருந்தாள். "கண் போகுதாமப்பா" என்றாள். நான் அப்போதுதான் கேட்கிறவன் போல "ஐயோ கடவுளே!" என்று தலையில் கை வைத்தேன். அவள் என் கையைத் தேடிப் பிடித்து எனக்கு ஆறுதல் சொன்னாள். இதைவிட ஈனமான நாள் என் வாழ்க்கையில் இல்லை.

அடுத்த நாளே ரிக்கற் போட்டேன். ஆனால் பயணம் செப்டெம்பரில்தான் அமைந்தது. அதற்குள் அவளுக்கு மிஞ்சியிருந்தது வெளிச்சமும் நிழலும் மட்டும். சன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும். முன்னால் நிற்பது மனுசனோ மரமோ என்று தெரியாது.

"நான் என்னத்தைப் பாக்கப்போறன்?" என்று ஒரு முறைதான் கேட்டாள்.

"நான் பாத்துச் சொல்லுறன். உமக்கு என்ன குறை?" என்றேன்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பயணத்தின் முதல் நாட்கள் நாங்கள் இருவரும் சந்தோசமாக இருந்த கடைசி நாட்கள். ஏதென்ஸில் இறங்கி, கப்பல் ஏறி ஒரு தீவுக்குப் போய், அங்கிருந்து சின்ன வள்ளத்தில் துருக்கிக் கரைக்குப் போனோம். வழி நெடுக நான் பார்த்ததை எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். தூண் உடைந்து கிடக்கும் விதம், கப்பல்காரனின் தொப்பி, தேத்தண்ணிக் கோப்பையின் சின்ன அளவு, ஒன்றும் விடவில்லை. கலியாணம் கட்டிப் பதினாறு வருசத்தில் நான் அவளோடு இவ்வளவு கதைத்ததில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு இவ்வளவு கண் இருக்கெண்டு எனக்குத் தெரியாமல் போச்சே" என்றாள். எனக்குப் புளுகம், பெரிய சந்தோசம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் சொல்லத் தொடங்கினேன். வெறும் பாறையில் ஒரு ஆட்டை நிறுத்தினேன். சும்மா கிடந்த கடலில் பாய் விரித்த ஒரு வள்ளத்தை விட்டேன். அவளுடைய முகம் மலர்வதைப் பார்க்க எனக்கு அது போதும்.

நாலாம் நாள் காலை வாடகைக் கார் ஒன்றில் மிலேட்டஸுக்குப் போனோம். ரிக்கற் கொடுக்கிற ஒரு கொட்டில், அதில் ஒரு காவல்காரன். அறுபது வயது இருக்கும், அந்த வெயிலிலும் கம்பளிச் சட்டை. இங்கிலீசு ஒரு சொல் தெரியாது. அவளுடைய கண்ணைப் பார்த்துவிட்டு ரிக்கற்றைக் கிழிக்காமல் கையால் 'போ, போ' என்று காட்டினான். எங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.

முன்னால் பெரிய கல் அரங்கு, ஒரு குன்றின் சரிவில் குந்தியிருந்தது. அவள் ஒவ்வொரு படியாகக் காலால் தடவி, கையால் தடவி ஏறினாள். என்னைத் தூக்க விடவில்லை. இருக்கைகளின் விளிம்பைத் தொட்டு, "எத்தினை பேர் இருந்து தேய்ச்ச கல்லு" என்று தனக்குள் சொன்னாள். மூச்சு வாங்க உச்சிக்குப் போய் இருந்தோம். நான் அப்போதுதான் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தேன்.

கடல் இல்லை.

எந்தப் பக்கத்திலும் இல்லை. சுற்றிவரத் தட்டையான வயல். பருத்தி வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. அதற்குள் பெண்கள் குனிந்து நின்று பஞ்செடுத்தார்கள். தூரத்தில் ஓர் உழவு மிசின் இரைந்துகொண்டு போனது. வயலுக்கு நடுவே தனியாக ஒரு குன்று. கீழே, புல்லும் நாணலும் காய்ந்த ஒரு பள்ளம், அதில் இடிந்த கற்கள். நான் எஞ்சினியர், கண்ணால் பார்த்தால் எனக்கு மட்டம் தெரியும். அங்கிருந்து பார்க்க எட்டிய தூரம் வரை தண்ணீருக்கு வழியே இல்லை.

நீலச் சோக்கால் பன்னிரண்டு வருசம் கீறிய கடல். இதற்காகவா இந்தக் குருட்டு மனுசியை உலகத்தின் இந்தக் கோடிக்குக் கூட்டி வந்தேன்? எப்படி இதைச் சொல்லுவேன்? உடைந்து போவாளே.

"கடல் தெரியுதோ?" என்று அவள் கேட்டாள்.

"ஓம். கரும் நீலம். கீழ அந்தக் கல்லுப் படி மட்டும் வந்து அடிக்குது."

அவள் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு, "நேர முன்னால ஒரு தீவு தெரிய வேணும்" என்றாள்.

அந்தக் குன்றைப் பார்த்தேன். "தெரியுது, தெரியுது. வடிவான தீவு. சுத்திவரத் தண்ணி. ஒரு தோணி பக்கத்தால போகுது."

"என்ன சத்தம் அது, உழவு மிசின் மாதிரி?"

"அது அந்தத் தோணியின்ர மிசின்."

அவள் தலையைக் குனிந்தாள். சேலைத் தலைப்பை எடுத்து மடியில் வைத்து மடித்து மடித்து விரித்தாள். அவள் வகுப்பில் பிழையான விடை சொன்ன பிள்ளையை ஏசுவதில்லை, பேசாமல் இருந்துவிடுவாள் என்று அவளுடைய மாணவி ஒருத்தி எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அந்தப் பேசாமை எவ்வளவு நேரம் நீளும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இஞ்ச கடல் இல்லையப்பா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அது எத்தினையோ நூறு வருசத்துக்கு முன்னமே போயிட்டுது. ஆறு மண்ணைக் கொண்டு வந்து கொட்டிக் கொட்டி நாலு துறைமுகத்தையும் மூடிப் போட்டுது. அதாலதான் சனம் விட்டிட்டுப் போனது. அந்தத் தீவு இப்ப வயலுக்க நிக்கிற ஒரு குன்று. வருசா வருசம் பாடத்தைக் கீறி முடிச்சிட்டு, கடைசியா நீலத்தை எல்லாம் டஸ்ரரால அழிச்சுக் காட்டுவன். பிள்ளையள் வாயைப் பிளந்துகொண்டு பாப்பினம். அந்த வெளியைப் பாக்கத்தான் எனக்கு ஆசை. உங்களுக்கும் எத்தினை தரம் சொன்னனான்."

எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! குசினி மேசையில், உறையின் பின்பக்கத்தில். நான் ஓம் ஓம் என்று ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"உமக்கு மனவருத்தமா இருக்குமெண்டுதான்…" என்று இழுத்தேன்.

"ஓம். தெரியும்." என்றாள். "அந்த முதல் டொக்டர் அண்டைக்கு உங்களை மட்டும் உள்ளுக்குக் கூப்பிட்டவர். அவர் பாலங்களைப் பற்றியோ கதைச்சவர்?"

அந்த இடத்திலும் ஒரு பொய் நாக்கு நுனிக்கு வந்து நின்றது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அவள் கேட்ட விதத்தில், எல்லாம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது என்று தெரிந்தது. சொன்னேன். விழித்திரை, மூன்று வருசம், நாலு வருசம், வீட்டில் வைத்து நான் சொல்லுகிறேன் என்று எழும்பியது, எல்லாம். பார்க்க ஆசைப்பட்டதை இப்போதே பார்க்கட்டும் என்று டொக்டர் சொன்னதையும் சொன்னேன். அதை மட்டும் விட்டிருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு சொன்னேன்.

"அப்ப நான் மிலேட்டஸ் போவமோ எண்டு கேட்ட அண்டைக்கு உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"அந்த செப்டெம்பர் வந்திருந்தால் நான் இதைப் பாத்திருப்பன்."

அது கேள்வியில்லை. நான் "ஓம்" என்றேன். அழுதேன், மன்னிக்கச் சொன்னேன், என்னென்னவோ சொன்னேன். என் ஐயாவின் கதையைக்கூட எடுத்தேன். அவள் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். "உங்கட ஐயாவுக்கும் எங்கயேன் போய்ப் பாக்க ஒரு இடம் இருந்திருக்கும்" என்றாள். பெண்கள் பஞ்செடுக்கிற வயலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

பிறகு தானாக எழும்பினாள். நான் தோளைப் பிடிக்கப் போக, தோளை விலக்கிக்கொண்டாள். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த காவல்காரன் என்ன நினைத்தானோ, ஓடி ஏறி வந்தான். அவள் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவன் அவளைக் காய்ந்த பள்ளத்துக்குள் கூட்டிக்கொண்டு போனான். அங்கே புல்லுக்குள் பாதி புதைந்து ஒரு சிங்கம் கிடந்தது. அவளுடைய கையை எடுத்து அதன் முதுகில் வைத்தான். துருக்கியில் ஏதோ நீளமாக, ஆறுதலாக விளங்கப்படுத்தினான். ஒரு சொல் விளங்காத அந்தப் பேச்சை அவள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். நான் கைப்பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மெல்பேர்ணுக்குத் திரும்பி வந்தோம். சண்டை இல்லை, பிரிவு இல்லை. அவள் வழக்கம்போலச் சமைத்தாள். அடுப்படியில் கை தானாகப் போகும். இங்கிலீசுக் கடிதங்களைப் பக்கத்து வீட்டு மனுசியிடம் கொண்டுபோய் வாசித்துக் கேட்பாள். ஊரிலிருந்து வருகிற தமிழ்க் கடிதத்துக்கு மட்டும் என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. ஒரு கடிதம் வந்தால் வாசிக்கச் சொல்லுவாள். கேட்டுவிட்டு வாங்கி வைப்பாள். அடுத்த நாள், சில வேளை இரண்டு நாள் கழித்து, அதே கடிதத்தை எடுத்துத் தந்து திரும்ப வாசிக்கச் சொல்லுவாள். முதலில் ஆசையில் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் முறை வாசிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தபிறகுதான் விளங்கியது. நான் சொல்லுக்குச் சொல் அதையே வாசிக்கிறேனோ என்று ஒத்துப் பார்க்கிறாள்.

அடுத்த வருசம் அவளுடைய அக்காவின் புருசன், எங்கட அத்தான், கடிதம் போட்டிருந்தார். உறையைப் பிரித்து முதல் வரியைப் பார்த்தேன். அக்கா செத்துப்போனா. மூன்று நாள் காய்ச்சலில் முடிந்துவிட்டது, தந்தி அடிக்க வசதிப்படவில்லை, எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவும் முடிந்தது என்று எழுதியிருந்தார். அவளுக்குத் தாய் மாதிரி அந்த அக்கா. நான் ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தேன்.

அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி, மடிப்புக் குலையாமல் மடித்து, மேசையில் வைத்தாள்.

"நாளைக்கும் ஒருக்கா வாசியுங்கோ" என்றாள்.

அடுத்த நாள் காலை வாசித்தேன். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், முதல் நாள் வாசித்தபடியே வாசித்தேன். அப்போதுதான் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.